சேகோ ஆலைக் கழிவு, தோட்டத்துக் கழிவு: எதை எங்கே சேர்ப்பது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் பக்கம் 8 ஏக்கர் மரவள்ளி, வீட்டில் 5 மாடு, பங்காளிகளோடு சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை. ஆலைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நாறுவதால் ஊரில் தகராறு. கிழங்குத் தோலும், மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியும் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒருவர் வந்து, "எல்லாக் கழிவையும் இந்த மெஷினில் கொட்டுங்கள், 24 மணி நேரத்தில் உரம்" என்கிறார். அதை வாங்கலாமா, கோபர் கேஸ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெஷினை இப்போது வாங்காதீர்கள். 24 மணி நேரத்தில் எதுவும் மக்காது. அந்த வகை இயந்திரங்கள் கழிவைச் சூடாக்கிக் காய வைத்துப் பொடியாக்குகின்றன. பார்க்க உரம் மாதிரி இருக்கும். வயலில் போட்டு ஈரம் பட்டதும் அழுகல் மறுபடி தொடங்கும், பயிரின் வேர்தான் அதில் அடிபடும். அதைவிடப் பெரிய விஷயம், ஊர்க்காரர்கள் சண்டை போடுவது திப்பிக்காக அல்ல, தண்ணீருக்காக. எந்த மெஷினும் அந்தத் தண்ணீரைத் தொடப்போவதில்லை.

ஒரு சேகோ ஆலையில் கழிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தப்பிப்போன மாவுதான். கிழங்கை நீங்கள் பாயிண்ட் (மாவுச்சத்தின் அளவு) பார்த்து வாங்குகிறீர்கள். பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய கால் பங்கு மாவு. அந்த மாவுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். அரவையில் சரியாக உடையாத பங்கு திப்பியோடு போகிறது. தொட்டியில் படியாத பங்கு தெளிவுத் தண்ணீரோடு போகிறது. தரையில் சிந்தியது கழுவும் தண்ணீரோடு போகிறது. இந்த மூன்று இடத்திலும் போனது பிறகு புளித்து நாறுகிறது. ஆகவே கழிவைக் கட்டுப்படுத்தும் வேலை ஆலைக்குப் பின்பக்கம் தொடங்குவதில்லை, அரவைக் கட்டத்திலேயே தொடங்குகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கடைசிச் சல்லடையிலிருந்து விழும் திப்பியில் ஒரு கைப்பிடி எடுங்கள். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் போட்டு நன்றாகப் பிசைந்து, துணியில் வடிகட்டி அப்படியே வையுங்கள். அரை மணி நேரம் கழித்து அடியில் வெள்ளையாகத் தடித்த படிவு நின்றால், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மாவு. காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல்கூட மாவாக இருப்பது சகஜம். அதில் நார்ச்செல்லுக்குள் சிக்கிய பங்கை நம்மால் முழுதாக எடுக்க முடியாது. ஆனால் பிசைந்தாலே வெளியே வரும் அளவு இருந்தால், அரவை உருளையின் பல் தேய்ந்திருக்கிறது அல்லது சல்லடையில் தண்ணீர் பாயும் விதம் சரியில்லை என்று அர்த்தம். இதை வாரம் ஒருமுறை செய்யுங்கள். டம்ளர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பல் எப்போது தேய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி தண்ணீருக்கு வருவோம், இங்கேதான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆலையில் ஓடுவது ஒரே தண்ணீர் அல்ல, மூன்று வகைத் தண்ணீர். கிழங்கு கழுவிய தண்ணீரில் மண்ணும் தோல் துணுக்கும் இருக்கும், மாவு குறைவு. மாவுப்பால் படிந்த பிறகு மேலே திறந்துவிடும் தெளிவுத் தண்ணீர்தான் கடுமையானது. அதில் நுண்ணிய மாவு, கரைந்த சர்க்கரை, புரதம் எல்லாம் இருக்கும். மூன்றாவது, தொட்டியும் தரையும் கழுவும் தண்ணீர். மூன்றும் ஒரே வாய்க்காலில் கலந்து பின்பக்கக் குட்டைக்குப் போவதுதான் பல ஆலைகளில் இன்றும் நடக்கிறது. கலந்த நிமிடமே, சுலபமாகத் தெளிய வைத்து மறுபடி பயன்படுத்தக்கூடிய தண்ணீரும் சாக்கடையாகிவிடுகிறது. சுத்திகரிக்க வேண்டிய அளவு இரட்டிப்பாகிறது, கட்ட வேண்டிய தொட்டியும் பெரிதாகிறது.

அதனால் முதல் செலவு, வாய்க்காலைப் பிரிப்பது. கழுவு தண்ணீருக்குத் தனி வாய்க்கால், அதன் முடிவில் இரண்டு மண்படிவுத் தொட்டி. அதில் தெளிந்த தண்ணீரை அடுத்த லோடு கிழங்கின் முதல் கழுவலுக்கு விடலாம். நல்ல தண்ணீர் கடைசிக் கழுவலுக்கு மட்டும் போதும். மழைத் தண்ணீர் இந்த எந்த வாய்க்காலிலும் விழக்கூடாது, வடகிழக்குப் பருவமழையில் பாதி ஆலைகளின் தொட்டி வழிவது அதனால்தான். ஒரு கொத்தனாரும் கொஞ்சம் குழாயும் இருந்தால் முடிகிற வேலை இது.

அப்புறம் தெளிவுத் தண்ணீர். இது திறந்து விடும்போது கிட்டத்தட்ட வாடையே இல்லாமல் இருக்கும். சில மணி நேரம் தேங்கினால் நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கிவிடும். முதலில் மோர் புளித்த வாடை, பிறகு குடலைப் பிரட்டும் நாற்றம், கடைசியில் அழுகிய முட்டை வாடை. ஊர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். எனவே தண்ணீர் தேங்கும் நேரத்தைக் குறைத்தாலே தகராறில் பாதி அடங்கும். சுண்ணாம்பைத் தூவி வாடையை மறைப்பது ஓரிரு நாள்தான் நிற்கும்.

தண்ணீரின் கெடுதியை அளக்க சிஓடி என்ற அளவு உண்டு. அதிலிருக்கும் கரிமப் பொருளை முழுதாக எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது அது. சேகோ ஆலைத் தண்ணீரில் லிட்டருக்கு 4,000 முதல் 6,000 மில்லிகிராம் வரை சாதாரணமாக வரும். ஓடையிலோ ஏரியிலோ விட வேண்டுமானால் சிஓடி 250-ஐத் தாண்டக்கூடாது, பிஓடி (நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்க எடுக்கும் ஆக்சிஜன்) 30-ஐத் தாண்டக்கூடாது. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதற்கு பிஓடி 100. வீட்டுச் சாக்கடைத் தண்ணீரின் சிஓடியே பெரும்பாலும் சில நூறுகள்தான். உங்கள் குட்டையில் நிற்பது அதைவிடப் பல மடங்கு கனமானது. அது ஓடையில் இறங்கினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் உறிஞ்சிவிடும், மீன் செத்து மிதக்கும். குட்டையிலேயே நின்றால் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். பெரிய குட்டையாக வெட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரிய குட்டை என்றால் இன்னும் அதிகக் கிணறு கெடும், அவ்வளவுதான்.

அதே சிஓடிதான் எரிபொருளும். காற்றுப் புகாத கலனில் 1 கிலோ சிஓடி சிதைந்தால் ஏறக்குறைய 0.35 கன மீட்டர் மீத்தேன் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50,000 லிட்டர் தெளிவுத் தண்ணீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றால் மொத்தம் 250 கிலோ சிஓடி. கலன் அதில் 80 சதவீதத்தைத் தின்றால் 200 கிலோ. மீத்தேன் 70 கன மீட்டர். வெப்பத்தில் அது சுமார் 54 கிலோ எல்பிஜிக்குச் சமம், அதாவது 19 கிலோ வணிகச் சிலிண்டர் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. நடைமுறையில் கசிவு, கரைவு, வேலை நின்ற நாள் எல்லாம் கழித்து இரண்டு சிலிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்கு நீங்கள் வாங்கும் விறகில் ஒரு நல்ல பங்கு இதில் அடிபடும். சேலம், நாமக்கல் பகுதியில் பல ஆலைகள் இப்படி எரிவாயு எடுத்து நடத்துகின்றன. நேரில் போய் ஓடுகிற ஒன்றைப் பாருங்கள், நின்றுபோன ஒன்றையும் பாருங்கள். நின்றுபோனதில்தான் கற்க அதிகம் இருக்கும்.

ஏன் நின்றுபோகிறது? பெரும்பாலும் புளித்துத்தான். மாவு வேகமாக அமிலமாகும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர்களோ மெதுவாக வளர்பவை. முதல் நாளே முழுத் தண்ணீரையும் திறந்துவிட்டால் அமிலம் குவிந்து அவை முடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து சேறு வாங்கி வந்து விதையாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் சாணக் கரைசல். முழு அளவுக்குப் போக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கலனுக்குள் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறைந்தால் புளிப்பு அதிகம்) 6.8 முதல் 7.5-க்குள் இருக்க வேண்டும். 6.5-க்குக் கீழே இறங்கினால் உடனே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, தேறும்வரை காத்திருங்கள். காகிதச் சோதனைப் பட்டை ஒரு டப்பா வாங்கி வைத்து, காலை ஷிப்டு ஆளிடம் இதை ஒரு பழக்கமாக ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை. மாவை வெளுக்க பிளீச்சிங் சரக்கு போட்டால், அது தண்ணீரோடு வந்து கலனில் உள்ள உயிர்களையும் கொல்லும். கந்தக அமிலம் சேர்த்தால் அதன் சல்பேட் எல்லாம் அழுகிய முட்டை வாயுவாக மாறி, பர்னரையும் குழாயையும் அரிக்கும். உணவுப் பாதுகாப்புத் துறை இந்த வெளுப்பை எதிர்ப்பது சாப்பிடுகிறவர்களுக்காக. உங்கள் கலனுக்காகவும் அதை விட்டுவிடுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இயல்பான நிறத்தில் நல்ல சரக்கைக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது.

சீசன் முடிந்து ஆலை சில மாதம் நின்றால் கலன் செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். சேறு கலனில் நனைந்தபடி இருந்தால் நுண்ணுயிர்கள் பசியோடு மயங்கிக் கிடக்கும். அடுத்த சீசனில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் முதல் தடவையைவிட வேகமாக எழும். சேற்றை மட்டும் வெளியே கொட்டிவிடாதீர்கள்.

கலனிலிருந்து வெளியேறும் தண்ணீரும் சுத்தமல்ல. 80 சதவீதம் போனாலும் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பிறகு காற்று ஊதும் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதைத் தாண்டி, அளவுக்குள் வந்த தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, நல்ல தண்ணீரோடு கலந்து கம்பு நேப்பியர் தீவனப் புல்லுக்கோ தென்னைக்கோ பாய்ச்சலாம். ஒரே பாத்தியில் தினமும் பாய்ச்சாமல் மாற்றி மாற்றிப் பாய்ச்சுங்கள், மண்ணுக்கு மூச்சு வாங்க இடைவெளி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது எழுதப்பட்டிருக்கும். நீங்கள் செய்வதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திப்பிக்கு உரக்குழி கடைசி இடம். அதைக் காய வைத்தால் தீவனம். களத்தில் மெல்லியதாகப் பரப்பி அன்றே கிளறிக் காய வையுங்கள். மரவள்ளியில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அரைபடும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், ஆகவே மெல்லிய பரப்பலும் வெயிலும் இங்கே பாதுகாப்பும்கூட. தோலில் இந்த நஞ்சு சதையைவிடப் பல மடங்கு அதிகம். பச்சைத் தோல் குவியலில் மாட்டை மேய விடவே கூடாது. மூச்சு வாங்கி, நுரை தள்ளி மாடு தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் இதற்கு நஞ்சு முறிக்கும் ஊசி உண்டு.

காய்ந்த திப்பியிலும் இரண்டு எச்சரிக்கை. அதில் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. அதை மட்டுமே அள்ளிப் போட்டால் மாட்டுக்கு வயிறு புளித்து உப்பிக்கொள்ளும். புண்ணாக்கோடு கலந்து, அடர்தீவனத்தில் ஒரு பங்காக மட்டும் கொடுங்கள். அடுத்தது பூஞ்சணம். அரைகுறையாகக் காய்ந்து மூட்டையில் கட்டிய திப்பியில் பச்சையோ மஞ்சளோ பூத்திருந்தால் மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தைகள். மழை நாளில் காயாமல் போன திப்பி உரக்குழிக்குப் போகட்டும்.

தோலுக்கு உரக்குழிதான் சரியான இடம். தோலில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. மக்கத் தொடங்கும்போது கரிக்கும் தழைச்சத்துக்கும் 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதம் இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். நாமக்கல் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம், கோழி எருவில் அந்த விகிதமே 10-க்கு 1 அளவில்தான். கன அளவில் ஆறு பங்கு தோலுக்கு ஒரு பங்கு கோழி எரு என்று தொடங்குங்கள். அம்மோனியா கண்ணைக் கரித்தால் எரு அதிகம். ஒரு வாரமாகியும் சூடேறவில்லை என்றால் எரு போதவில்லை, அல்லது ஈரம் தப்பு. ஈரத்துக்குக் கையே கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக்கூடாது. தோல் குழைந்து காற்றுப் போகாமல் அடைத்துக்கொள்ளும், அதனால் இடையிடையே மக்காச்சோளத் தட்டையோ கரும்புச் சோகையோ நறுக்கிப் போடுங்கள். அகலம் 2 மீட்டர், உயரம் ஒன்றேகால் மீட்டர், நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்து. அடியில் சரிவான தரையும் சுற்றிலும் கரையும் இருக்கட்டும், இல்லாவிட்டால் மழையில் வடியும் கறுப்புத் தண்ணீரும் கிணற்றுக்குத்தான் போகும்.

சூடு பார்க்க ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாதபடி சுட்டால் குவியல் 55 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அந்தச் சூடுதான் நோய்க்கிருமியையும் களை விதையையும் அழிப்பது. சூடு தணிந்ததும் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மறுபடி சூடேறும். புரட்டியும் சூடேறாத கட்டத்துக்கு வந்தபின் ஒரு மாதம் ஆறவிட்டு வயலுக்குக் கொண்டுபோகலாம். மண்புழு உரம் ஆசையென்றால் இந்த ஆறிய கட்டத்தில்தான் புழுவை விட வேண்டும்.

வயலில் மிஞ்சும் குச்சியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். சூடு படாத ஓரத்தில் கிடக்கும் குச்சி துளிர்த்துவிடும். 2020 வாக்கில் இங்கே வந்த மாவுப்பூச்சியோ தேமல் நோயோ கண்ட குச்சியாக இருந்தால், அதைத் தோட்டத்தில் அங்கங்கே போட்டு வைப்பதே அடுத்த பயிருக்கு விதைத்து வைப்பதுதான். இது ஒன்றை எரிப்பதற்கு மட்டும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். நடவுக்கு எந்தக் குச்சியை வைத்துக்கொள்வது என்பதில் சந்தேகம் வந்தால் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கேளுங்கள்.

வீட்டு மாடுகளுக்கு 2 கன மீட்டர் கோபர் கேஸ் போதும். 5 மாட்டில் நாளுக்கு 50 கிலோ சாணம் கிடைக்கும், அதில் சுமார் 2 கன மீட்டர் வாயு. 1 கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம், ஆகவே 16 நாளுக்கு ஒரு வீட்டுச் சிலிண்டர் மிச்சம். சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் கலந்து தினமும் ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். ஈரத் திப்பியை இதில் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்கத் தொடங்கி 2 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் புளிக்கும். வெளிவரும் கரைசலை வெயிலில் காய விட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். ஈரமாகவே தோல் குவியலில் ஊற்றுவதுதான் லாபம். இந்தக் கலனை ஆலைத் தண்ணீரோடு இணைக்கும் யோசனை வேண்டாம், இரண்டும் வேறு வேறு அளவு.

தயவுசெய்து இதை ஆலையில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: மூடிய தொட்டி, கலன், தண்ணீர் சேரும் கிணறு, எதற்குள்ளும் யாரும் இறங்கக்கூடாது. அழுகிய முட்டை வாடையுள்ள அந்த ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மூக்கை மரத்துப்போக வைக்கும், வாடை நின்றுவிட்டது என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்கக் குதிப்பவரும் விழுவார். இந்த வகை விபத்தில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். சேறு எடுக்க வெளியிலிருந்து இயங்கும் பம்பு வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு வந்தால் அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள், அந்தச் செலவில் மட்டும் கை சுருங்க வேண்டாம்.

பணம் ஒரே நேரத்தில் வராது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இந்தச் சீசனுக்கு முன் வாய்க்கால் பிரிப்பு, மண்படிவுத் தொட்டி, அரவைப் பல், களத்தில் திப்பி காய வைப்பது. இவை போட்ட காசைச் சீக்கிரம் திருப்பித் தரும். தண்ணீரின் அளவு குறைந்தபிறகு ஒரு மாதம் மீட்டர் வைத்து அளந்து, அந்த எண்ணிக்கைக்குக் கலன் வடிவமைக்கச் சொல்லுங்கள். இப்போதே கட்டினால் தேவையில்லாத பெரிய கலனுக்குக் கடன் கட்டுவீர்கள். மானியம் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் மானியத்தின் அளவைப் பார்த்துக் கலனின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

ஊர்த் தகராறுக்கு: ஆலையைச் சுற்றியுள்ள நாலைந்து கிணறுகளின் தண்ணீரை, கிணற்றுக்காரர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்து, இந்த வாரமே பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு உங்களுக்கு எதிராக வந்தாலும் அதன் நகலை அவர்களிடம் கொடுங்கள். வாய்க்கால் பிரித்து மூன்று மாதம் கழித்து அதே கிணறுகளில் மறுபடி எடுங்கள்.